சாகச நாயகர்களும் இயற்பியலும்: டர்பன் தமிழ் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் வார நாட்களில் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் சினிமாவைப் பற்றித்தான். வானத்தில் பறக்கும் வீரன், மின்னலை வரவழைப்பவன், எறும்பளவு சுருங்குபவன், ஒரே குத்தில் பத்துப் பேரைப் பறக்கவிடும் நம் தமிழ்ப்பட நாயகன். இப்போது பெற்றோரும் தாத்தா, ஆயாக்களும்கூட கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயகனுக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது என்று நான் கேட்பதில்லை. கதைக்கு அந்த உரிமை உண்டு, பலம் இருக்கட்டும். ஆனால் அந்த விசையும் வேகமும் சூடும் அப்புறம் எங்கே போயின என்று கட்டாயம் கேட்பேன். இயற்கை கணக்கில் ஒரு காசைக்கூட விடாது. கீழே உள்ள கணக்குகள் எல்லாம் தோராயமானவை. காகிதமும் பென்சிலும் இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே போட்டுப் பார்க்கலாம்.

உயரத்திலிருந்து விழும் பெண்ணை நாயகன் தரைக்குச் சற்று மேலே பிடித்துவிடுகிறான். அவள் பிழைப்பாளா?

பிழைக்க மாட்டாள். எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

நம் மோசஸ் மபிடா மைதானத்தின் வளைவை எடுத்துக்கொள்வோம். உச்சி 106 மீட்டர் உயரம். அங்கிருந்து ஒருவர் விழுந்தால் தரையைத் தொட நாலரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அப்போது வேகம் மணிக்கு சுமார் 164 கி.மீ. காற்றுத் தடையைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும். நாயகன் கீழே நின்று இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கிறான். அவன் கைகள் அரை மீட்டர் தாழ்ந்து அவளை நிறுத்துகின்றன என்று வையுங்கள்.

இங்கே ஒரு சுலபமான வழி இருக்கிறது. விழுந்த தூரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால், நிற்கும்போது உடல் மீது வரும் வேகத்தடுப்பு புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று கிடைத்துவிடும். 106ஐ அரையால் வகுத்தால் 212. அதாவது 60 கிலோ பெண்ணின் முதுகிலும் கழுத்திலும் அந்தக் கணத்தில் 12 டன்னுக்கு மேல் எடை வைத்தது போன்ற விசை. கான்கிரீட்டில் விழுந்தாலும் இரும்புக்கரங்களில் விழுந்தாலும் உடலுக்கு வித்தியாசம் தெரியாது. விழுவது கொல்வதில்லை. நிற்கக் கிடைக்கும் தூரம் போதாமல் போவதுதான் கொல்கிறது.

நாயகன் மேல்நோக்கிப் பறந்து வந்து பிடித்தால் இன்னும் மோசம். இரண்டு பேரின் வேகமும் சேர்ந்துகொள்ளும்.

சரி, எப்படிக் காப்பாற்றுவது? அவளோடு சேர்ந்து கீழ்நோக்கிப் பறக்க வேண்டும். தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில், அவள் 46 மீட்டர் விழுந்திருக்கும்போது, அவளுடைய வேகத்திலேயே போய் மெதுவாக அணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த 50 மீட்டரில் சீராக வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் அவள் உணர்வது தன் எடையைப் போல இரண்டு மடங்கு மட்டும்தான். ராட்டினத்தில் போகும் பிள்ளைகள்கூட அதை ரசிப்பார்கள். எந்த இயக்குநராவது இந்தக் காட்சியைச் சரியாக எடுத்தால், பாய்ந்து பிடிப்பதைவிட இது அழகாகவே இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மனித உடல் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும்?

1954 டிசம்பரில் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் போய், 1.4 வினாடியில் நின்றார். உச்சத்தில் அவர் உடல் தாங்கியது புவியீர்ப்பைப் போல 46 மடங்கு. கண்ணில் ரத்தக் கசிவு ஏற்பட்டது, ஆனால் பிழைத்தார். அவர் இருக்கையில் உடல் முழுவதும் வாரால் இறுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. இன்று நம் காரில் இருக்கும் சீட் பெல்ட்டுக்குப் பின்னால் அந்த மனிதரின் உழைப்பும் இருக்கிறது.

புளூக்ரான்ஸ் பாலத்திலிருந்து, 216 மீட்டர் உயரத்திலிருந்து, காலில் கயிறு கட்டிக் குதிப்பவர்கள் சிரித்துக்கொண்டே மேலே வருவதும் இதனால்தான். ரப்பர் கயிறு நீண்டு நீண்டு, பல பத்து மீட்டர் தூரத்தில் அவர்களை நிறுத்துகிறது.

ஒரே குத்தில் வில்லனின் ஆள் பத்து மீட்டர் பறந்து போய் விழ முடியுமா?

முடியும் என்றே வைத்துக்கொண்டு, அடித்தவருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். 80 கிலோ ஆள் பத்து மீட்டர் தள்ளி விழ வேண்டுமானால் வினாடிக்கு சுமார் 10 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். நாயகனும் 80 கிலோ என்றால், அதே உந்தம் எதிர்ப்பக்கமாக அவருக்கும் வரும். அவரும் அதே வேகத்தில் பின்னால் பறக்க வேண்டும்.

பூமியைக் காலால் பிடித்துக்கொள்ளலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. குத்து பத்தில் ஒரு பங்கு வினாடி நீடிக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் தேவைப்படும் விசை 8,000 நியூட்டன், அதாவது 800 கிலோ எடைக்குச் சமம். நல்ல காலணி போட்டு உலர்ந்த தரையில் நின்றால் உராய்வு தரக்கூடியது 60, 65 கிலோ எடை அளவுதான். பன்னிரண்டு மடங்கு போதவில்லை. தசையில் எவ்வளவு பலம் இருந்தாலும் செருப்பு வழுக்கிவிடும்.

நம் நாட்டு ரக்பி அணியான ஸ்பிரிங்போக் ஆடும்போது கவனித்துப் பாருங்கள். 110 கிலோ ஆள் ஓடி வந்து இன்னொருவரை மோதினால் இருவருமே தடுமாறி, பெரும்பாலும் ஒன்றாகவே சாய்கிறார்கள். மோதல் உண்மையில் அப்படித்தான் இருக்கும்.

துப்பாக்கிக் குண்டும் இதே கணக்குதான். எட்டு கிராம் குண்டு வினாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் வந்து 80 கிலோ உடலில் தங்கினால், அந்த உடல் வினாடிக்கு நான்கு சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும். குண்டு பட்டவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பின்னால் பறப்பது ஸ்டண்ட் கலைஞரின் கயிறு செய்யும் வேலை.

மின்னல் வேக வீரன் டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு ஒரு நிமிடத்தில் ஓட முடியுமா?

சாலை வழியாக சுமார் 570 கி.மீ. நம் நாட்டு வேய்ட் வான் நீகெர்க் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 43.03 வினாடியில் ஓடினார். அதே வேகத்தில் மூச்சு வாங்காமல் ஓடினால் ஜோபர்க் போய்ச் சேர 17 மணி நேரம் ஆகும். ஒரு நிமிடத்தில் போவதென்றால் வினாடிக்கு 9.5 கி.மீ. வேண்டும்.

இங்கே முதல் சிக்கல் வருகிறது. பூமியைச் சுற்றிவர ஒரு செயற்கைக்கோளுக்கு வேண்டிய வேகமே தரைமட்டத்தில் வினாடிக்கு 7.9 கி.மீ.தான். அதைத் தாண்டினால் பூமியின் வளைவு உங்களைவிட்டு விலகிப் போகும். அதாவது நம் வீரனின் கால் தரையிலேயே படாது. ஓடுவதற்குத் தரை வேண்டுமே! அவன் ஓட்டக்காரனாக இல்லாமல் ராக்கெட்டாகிவிடுவான்.

சரி, கொஞ்சம் மெதுவாகவே ஓடட்டும். இரண்டாவது சிக்கல் பிடிமானம். ஓடுவது என்றால் தரையைப் பின்னால் தள்ளுவது. நல்ல ரப்பர் அடி உலர்ந்த சாலையைப் பிடிப்பது, ஏறக்குறைய நம் எடை அளவு விசைக்குத்தான். அதற்கு மேல் தள்ளினால் கால் வழுக்கும். இந்த எல்லைக்குள் பாதி வழி வேகம் கூட்டி, மீதி வழி வேகம் குறைத்தால், ஜோபர்க் போய்ச் சேர எட்டு நிமிடம் ஆகும். தொடைத் தசையில் ஆயிரம் குதிரையின் பலம் இருந்தாலும் எட்டு நிமிடம்தான். நடுவழியில் வேகம் ஒலியைப் போல ஏழு மடங்கு. அந்த வேகத்துக்கு உடலைக் கொண்டுவர மட்டும் மூன்று வாரச் சாப்பாட்டின் ஆற்றல் தேவை.

ஆனால் இதுவரை காற்றை மறந்துவிட்டோம். ஒலியைப் போல ஏழு மடங்கு வேகத்தில் முன்னால் உள்ள காற்றுக்கு விலக நேரமில்லை. அது நெருக்கப்பட்டு நெருக்கப்பட்டு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். காற்று உரசிச் சூடாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் நெருக்கம்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது இதே காரணத்தால்தான். விண்வெளியிலிருந்து திரும்பும் கலங்கள் கவசத்தோடு வருவதும் இதற்காகவே. வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஜன்னல் கண்ணாடிகளும் மிஞ்சாது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கால் தரும் தள்ளுவிசை அதிகபட்சம் உடலின் எடை அளவு. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. எதிர்ப்பு உடலின் எடைக்குச் சமமாகும்போது அதற்கு மேல் வேகம் கூடாது. காற்றின் எதிர்ப்பு எடைக்குச் சமமாகும் வேகம் எது தெரியுமா? விமானத்திலிருந்து குதித்தவர் பாராசூட் விரிக்கும் முன் விழும் வேகம். மணிக்கு ஏறக்குறைய 190 கி.மீ. ஆக, வெறும் காலால் ஓடும் எந்த மாவீரனுக்கும் சமதரையில் எல்லை இதுதான். டர்பனிலிருந்து ஜோபர்க்குக்கு மூன்று மணி நேரம். விழுவதும் ஓடுவதும் ஒரே எண்ணில் வந்து நிற்கும் இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கண்ணுக்குத் தெரியாத மனிதனாக முடியுமா?

ஆனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவனுக்குக் கண் தெரியாது. நாம் பார்ப்பதற்கு விழித்திரை ஒளியை உறிஞ்ச வேண்டும். ஒளி முழுவதும் உடலை ஊடுருவிப் போய்விட்டால் விழித்திரையில் எதுவும் பதியாது. கண்ணை மட்டும் தெரியும்படி விட்டால் அந்தரத்தில் இரண்டு கண்கள் மிதக்கும்.

எறும்பளவு சுருங்கினாலும் பழைய பலம் அப்படியே இருக்குமாமே?

எடையும் அப்படியே இருக்கிறது என்று கதை சொன்னால் சிக்கல் காலடியிலேயே தொடங்கும். 1.75 மீட்டர் ஆள் ஐந்து மில்லிமீட்டராகச் சுருங்கினால் உயரம் 350 மடங்கு குறைகிறது. பாதத்தின் பரப்பு 350ஐ 350ஆல் பெருக்கிய அளவு, அதாவது 1,22,500 மடங்கு குறைகிறது. 70 கிலோவும் அந்தத் துளிப் பாதத்தில் நின்றால், சாதாரணக் கான்கிரீட் தாங்கும் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. அவன் ஊசி போலத் தரைக்குள் இறங்கிவிடுவான். அவன் உடலின் அடர்த்தி, இறந்துபோன விண்மீன்களான வெண்குறுமீன்களின் சராசரி அடர்த்தியையும் தாண்டும்.

எடையும் சேர்ந்தே குறைகிறது என்றால் மூளையில் இருக்கும் அணுக்களும் நான்கு கோடியில் ஒன்றாகக் குறைந்துவிடும். நினைவு, மொழி, அறிவு எல்லாம் எங்கே தங்கும்?

அப்படியென்றால் ராட்சதனாக வளர்ந்தால்?

பத்து மடங்கு உயர்ந்தால் எடை ஆயிரம் மடங்கு கூடும், எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். ஒவ்வொரு எலும்பும் பத்து மடங்கு பாரம் தாங்க வேண்டும். முதல் அடியிலேயே தொடை எலும்பு முறியும். கலிலியோ 1638இலேயே இதை எழுதிவிட்டார். குரூகர் காட்டில் யானையின் காலையும் மானின் காலையும் அடுத்தடுத்துப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆறு டன் உடலுக்குத் தூண் போன்ற கால்தான் சரிப்படும். மானை அப்படியே பெரிதாக்கினால் யானை வராது.

மின்னலை வரவழைக்கும் வீரன் நம் நாட்டின் லோட் ஷெட்டிங்கை, அதாவது முறைவைத்த மின்வெட்டை, தீர்க்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு தாத்தா. உண்மையான அக்கறையோடு கேட்டார், அதனால் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒரு மின்னலில் இருக்கும் ஆற்றல் சுமார் நூறு கோடி ஜூல் என்று பொதுவாகச் சொல்வார்கள். மின் கட்டண அலகில் ஏறக்குறைய 280 யூனிட். பெரிய எண் போலத் தெரியும். ஆனால் லோட் ஷெட்டிங்கில் ஸ்டேஜ் 1 என்றால் 1,000 மெகாவாட் வரை குறைப்பது. 1,000 மெகாவாட் என்பது வினாடிக்கு நூறு கோடி ஜூல். அதாவது ஸ்டேஜ் 1ஐ மட்டும் சரிக்கட்டவே வினாடிக்கு ஒரு முழு மின்னல் வேண்டும், இரவும் பகலும் இடைவிடாமல். ஸ்டேஜ் 6 என்றால் வினாடிக்கு ஆறு. அதுவும் ஒரு ஜூல்கூட வீணாகாமல் பிடித்தால். உண்மையில் மின்னலின் ஆற்றலில் பெரும்பகுதி வழியிலேயே காற்றைச் சூடாக்கி, ஒளியாகவும் இடியாகவும் போய்விடுகிறது.

மின்னல் கண்ணைப் பறிப்பது அதன் ஆற்றல் மிக அதிகம் என்பதால் அல்ல, அந்த ஆற்றல் கண நேரத்தில் கொட்டிவிடுவதால். வேகமும் அளவும் ஒன்றல்ல என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இதோடு ஒரு முக்கியமான விஷயம். கோடைக்காலப் பிற்பகல்களில் ஹைவெல்ட் மேட்டுநிலப் பக்கம் இடிமழை கடுமையாக இருக்கும். வண்டியில் போகும்போது மாட்டிக்கொண்டால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். காரின் இரும்புக் கூடு மின்னோட்டத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும். டயரின் ரப்பர் காப்பாற்றுகிறது என்பது தவறான நம்பிக்கை. மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் பெரிதல்ல. இரும்புக் கவசம் அணிந்த வீரன் மின்னலில் பிழைப்பது நம்பக்கூடியதாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

எரிமலைக் குழம்பில் நாயகன் மூழ்குகிறான், அல்லது நடந்து போகிறான். எது சரி?

மூழ்க முடியாது. பாறைக் குழம்பு தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது. மனித உடல் அதில் கட்டைபோல மிதக்கும். கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மெல்ல மெல்ல மூழ்கும் காட்சி நடக்காது.

ஆனால் பக்கத்தில் போவதே பெரிய ஆபத்து. ரீயூனியன் தீவில் உள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் போன்ற எரிமலையின் குழம்பு 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு சதுர மீட்டரிலிருந்து வெளிவரும் கதிர்வீச்சு, உச்சி வெயிலைப் போல சுமார் 200 மடங்கு. குழம்பைத் தொட வேண்டியதே இல்லை. அதற்கு மேலே பாலத்தில் நின்று சண்டை போடுபவர்கள் எல்லாம் வசனம் பேசும் முன்பே வெந்துவிடுவார்கள்.

அப்படியானால் நம் கோயில்களில் தீமிதிப்பவர்கள்? அதையும் இயற்பியல் விளக்குமா?

ஒரு பகுதியை விளக்கும். சூடு எவ்வளவு என்பது வேறு, அந்தச் சூடு எவ்வளவு விரைவாக உடலுக்குள் வருகிறது என்பது வேறு. கரியும் சாம்பலும் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். பாதம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வினாடிக்கும் குறைவாகவே படுகிறது. அந்த நேரத்தில் தோலுக்குள் போகும் வெப்பம் குறைவு. அதே வெப்பநிலையில் ஒரு இரும்புத் தகட்டின் மேல் ஓர் அடி வைத்தாலும் பாதம் வெந்துவிடும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொள்வேன். காப்புக் கட்டி, நோன்பிருந்து, மாரியம்மனை நினைத்துக் குழியில் இறங்குபவரின் மனதுக்குள் நடப்பது என் கணக்கில் வராது. வர வேண்டியதும் இல்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்த முதல் கூலித் தொழிலாளர்களுக்குப் பிறகு, கரும்புத் தோட்டத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் இதை மட்டும் விடாமல் காப்பாற்றி நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: கரி மெதுவாகக் கடத்தும் என்று படித்துவிட்டு வீட்டில் யாரும் நெருப்பில் கால் வைக்கக் கூடாது. ஒரே இடத்தில் நின்றாலோ, தடுமாறி விழுந்தாலோ, கடுமையாகச் சுட்டுவிடும். பெரியவர்கள் குழியைத் தயாரிப்பதிலும் வரிசையை நடத்துவதிலும் இருக்கும் அனுபவம் சாதாரணமானதல்ல.

பூமிக்குள் துளை போட்டு மறுபக்கம் போக முடியுமா?

மனிதர் இறங்கி வேலை செய்யும் ஆழமான இடங்களில் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கார்ல்டன்வில் அருகே உள்ள ம்போனெங் தங்கச் சுரங்கம், ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். தொழிலாளர்கள் உயிரோடு வேலை செய்ய மேலிருந்து பனிக்கட்டிக் கூழைக் கீழே அனுப்பிக் காற்றைக் குளிர்விக்கிறார்கள். பூமியின் மையம் 6,371 கி.மீ. கீழே. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இறங்காத நிலையிலேயே இந்தப் பாடு. மையத்தில் 5,000 டிகிரிக்கு மேல்.

சூட்டை விட்டுவிட்டால்கூட இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அந்த இடத்தில் நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரே நேர்க்குழி இருந்து, உள்ளே காற்றும் இல்லை என்று வையுங்கள். (உண்மையான சுரங்கம் அப்படி ஒரே குழியாக இல்லை.) ஒரு கல்லைக் கைவிட்டால் நேராக அடியில் போய் விழாது. பூமி சுழல்வதால் தரைமட்டத்தில் இருக்கும் கல்லுக்குக் கிழக்கு நோக்கிய வேகம் அடியில் உள்ள பாறையைவிடச் சற்று அதிகம். 28 வினாடி விழுவதற்குள் அந்தச் சிறு வித்தியாசம் ஏறக்குறைய ஐந்து மீட்டராகச் சேர்ந்துவிடும். கல் கிழக்குச் சுவரில் மோதும். பறக்கும் வீரன் குதித்தாலும் அதே கதிதான், கொஞ்சம் மேற்கே திருத்திக்கொண்டே இறங்க வேண்டும்.

பூமியை நோக்கி வரும் விண்கல்லை நாயகன் கையால் தடுத்து நிறுத்தலாமா?

விண்கல் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிய வேறெங்கும் போக வேண்டாம். ஜோபர்க்கிலிருந்து தென்மேற்கே வண்டியில் போனால் ஃபிரீ ஸ்டேட்டில் ஃபிரெடஃபோர்ட் வந்துவிடும். சுமார் 202 கோடி வருடங்களுக்கு முன் அங்கே விழுந்த கல் உண்டாக்கிய பள்ளத்தின் மிச்சம்தான் அந்தக் குன்றுகள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பிள்ளைகளை ஒருமுறையாவது கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன்.

அந்தக் கல்லின் குறுக்களவை 10 முதல் 25 கி.மீ. வரை பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். 15 கி.மீ. என்றும், வேகம் வினாடிக்கு 20 கி.மீ. என்றும் வைத்தால், அதன் ஆற்றல் இன்று உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் செலவிடும் ஆற்றலைப் போல 1,500 மடங்குக்கும் மேல். நாயகன் அதைத் தடுத்து நிறுத்தினால் அவ்வளவும் சூடாக அந்த இடத்திலேயே வெளிப்பட வேண்டும். பூமிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் காப்பாற்ற வந்தவனே எரித்தவன் ஆகிவிடுவான். அதோடு, பலகோடி டன் பாறையை இரண்டு உள்ளங்கைகள் தள்ளினால் பாறை நகராது. கைகள் பாறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

செய்ய வேண்டியது வேறு. பத்து வருடம் முன்னாலேயே போய் லேசாகத் தள்ள வேண்டும். வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டர் வேகம் மாற்றினால் போதும். பத்து வருடத்தில் அது 6,000 கி.மீ.க்கு மேல் விலகலாகச் சேரும். ஏறக்குறைய பூமியின் ஆரம். இதை மனிதர்கள் உண்மையிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், அரை டன்னுக்குச் சற்று மேல் எடையோடு, வினாடிக்கு ஆறு கி.மீ. வேகத்தில் டைமார்ஃபாஸ் என்ற சுமார் 160 மீட்டர் சிறுகோளில் மோதியது. டைமார்ஃபாஸ் தன்னைவிடப் பெரிய டிடிமோஸ் என்ற சிறுகோளைச் சுற்றிவரும் நேரம் அரை மணிக்கும் மேல் குறைந்தது. எந்தச் சாகசப் படத்தையும்விட எனக்கு அந்த இரவு பெரியது. வரும் சிறுகோள்களை முன்கூட்டியே தேடும் அட்லஸ் தொலைநோக்கிகளில் ஒன்று நம் கரூ வறள்நிலத்தில், சதர்லாந்தில் இருக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சிலந்தி போலச் சுவரில் ஏறலாமா?

பல்லி ஏறுவது அதன் பாதத்தில் உள்ள மிக நுண்ணிய மயிர்களால். நம் உடல் அளவுக்கு அது போதாது. மனிதன் அப்படி ஒட்ட வேண்டுமானால் உடலின் மேற்பரப்பில் 40 சதவீதம் ஒட்டும் பாதமாக இருக்க வேண்டும் என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உள்ளங்கை, உள்ளங்காலோடு முடியாது.

அனுமன் மலையைத் தூக்கி வந்ததையும் இப்படிக் கணக்குப் போடலாமா?

நான் போடுவதில்லை. சினிமா நாயகன் நம் உலகத்தில், நம் சாலையில், நம் கட்டடத்தின் மேல் நிற்கிறான். அதனால் நம் விதிகளை அவனிடம் கேட்கலாம். அனுமன் கதை பக்தியைப் பற்றியது. மூலிகை எது என்று தெரியாதபோது மலையையே கொண்டுவந்தான் என்ற இடத்தில் எடையைக் கேட்பவர் கதையைத் தவறவிடுகிறார்.

இப்படிப் பார்த்தால் படம் பார்க்கும் சந்தோஷம் போய்விடாதா?

எனக்குப் போகவில்லை. வகுப்பில் யாருக்கும் போனதாகவும் தெரியவில்லை. முதல் முறை விசிலடித்துப் பார்க்கட்டும். கணக்கு இரண்டாவது முறைக்கு.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, முதல் கேள்வியையே செய்து பார்க்கலாம். ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தோட்டத்தில் இரண்டு பேர் திரைபோலத் தளர்வாகப் பிடிக்கட்டும். கீழ் விளிம்பைத் தொட்டில் போல மேலே மடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முட்டை உருண்டு தரையில் விழும். மூன்றாவது ஆள் நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று ஒரு பச்சை முட்டையைத் தன்னால் முடிந்த வேகத்தில் விரிப்பின் நடுவில் எறியட்டும். உடையாது. அதே வேகத்தில் சுவரில் எறிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்தால் துணி எவ்வளவு தூரம் உள்வாங்கியது என்று அளந்துவிடலாம். பிறகு விரிப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்து இன்னொரு முட்டையை எறிந்து, எந்த விறைப்பில் உடையத் தொடங்குகிறது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.